250 கிராம் மைதா எத்தனை டம்ளர்?

250 கிராம் மைதா எத்தனை கப் என்று கேட்டால் இரண்டு பதில்கள் உண்டு. இரண்டுமே சரியானவை. ஒன்று, 2 கப். இன்னொன்று, 1¾ கப். மாவைக் கரண்டியால் அள்ளி, கப்பில் மெதுவாகப் போட்டு, தலைதட்டினால் முதல் பதில் வரும். கப்பையே மாவு டப்பாவுக்குள் விட்டு மொண்டு தலைதட்டினால் இரண்டாவது வரும். கப் அதே கப்தான், மைதாவும் அதே மைதாதான். கை மட்டும்தான் மாறியிருக்கிறது.

கிராமைக் கொடுத்தால் கப் கணக்கைக் காட்டும் இணையப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. 250 கிராம் மைதா 2.08 கப் என்று தசமப் புள்ளியோடு விடை வரும். 2.08 கப்பை எந்த வீட்டில், எதை வைத்து அளப்பது? அதைவிட முக்கியமான கேள்வி: மாவை எப்படி நிரப்பிய கப் அது? அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கத்துக்கு மட்டுமல்ல, முன்னால் இருக்கும் இலக்கத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. கேக் குறிப்பு எழுதுகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம். அளவு என்றால் எண்ணும், அந்த எண்ணுக்கு அளந்த விதமும் சேர்ந்ததுதான். அதில் பாதியை மட்டும் எழுதிவிட்டு, கேக் சரியாக வரவில்லை என்றால் சமைத்தவர் மேல் பழி போடுவது நியாயமில்லை.

நான் என் குறிப்புகளைக் கிராமில்தான் எழுதி வைக்கிறேன். வீட்டில் டிஜிட்டல் தராசு இருக்கிறது. கிண்ணத்தை வைத்து, பூஜ்யமாக்கி, மாவைக் கொட்டினால் முடிந்தது. ஆனால் என் குறிப்புகளைக் கேட்கிறவர்களில் பாதிப் பேரிடம் தராசு இல்லை. அதில் முதல் ஆள் என் அத்தை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஓவன் கிடையாது, அடியில் உப்பைக் கொட்டிச் சூடாக்கிய குக்கரில்தான் கேக் வைப்பார். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போதெல்லாம் போன் வரும்.

"ஏட்டி, கிராமெல்லாம் எனக்குச் சரிப்படாது. என் கையில தம்ளர்தான் இருக்கு. அதுல சொல்லு."

ஒரு தராசு வாங்கிக்கொள்ளுங்கள் அத்தை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சில நூறு ரூபாய்தான். ஆனால் கல்யாண வீட்டுக்கு எத்தனை படி அரிசி போட வேண்டும் என்று மனக்கணக்காகச் சொல்லக்கூடியவர் அவர். ஆழாக்கும் டம்ளரும் அவருக்கு நன்றாகப் பழகிய கருவிகள். அந்தக் கருவிக்கு ஏற்ற மாதிரி குறிப்பை மாற்றித் தருவது எழுதுகிற என் வேலை, அவர் வேலையல்ல.

நம் சமையலறை எடையே இல்லாமல் இவ்வளவு காலம் ஓடியதற்குக் காரணம் உண்டு. இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. எந்த டம்ளரில் அளந்தாலும், இரண்டையும் ஒரே டம்ளரில் அளந்தால் போதும், மாவு சரியாக வரும். பழைய அளவுகள் எல்லாமே அப்படி அமைந்தவை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். கீழே போனால் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு; 360 நெல் ஒரு செவிடு. நெல்லை எண்ணி எண்ணிக் கட்டிய முகத்தல் கணக்கு அது. வெல்லம், புளி போன்றவற்றுக்கு மட்டும் வீசையும் பலமும், 40 பலம் ஒரு வீசை என்று. இந்தப் பிரிவினை தற்செயல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அரிசி கெட்டியான மணி. அழுத்தினாலும் அமுங்காது, யார் அளந்தாலும் ஒரு படிக்குக் கிட்டத்தட்ட அதே அரிசிதான் பிடிக்கும். புளியும் வெல்லமும் கட்டியாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். படிக்குள் அடங்காது, அதனால் நிறுத்தார்கள்.

மைதா இந்த இரண்டிலும் சேராது. பார்த்தால் அரிசி மாதிரி கொட்டி அளக்கக்கூடியதாகத் தெரியும். ஆனால் அமுங்கும்.

மைதாவின் துகளை மட்டும் தனியே எடுத்தால் அது தண்ணீரைவிடக் கனமானது. ஒரு மில்லி லிட்டருக்கு 1.4, 1.5 கிராம் வரை வரும். ஆனால் கப்பில் இருக்கும் மைதாவை நிறுத்தால் ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 முதல் 0.6 கிராம்தான் இருக்கும். மிச்சம் எல்லாம் துகள்களுக்கு நடுவே நிற்கும் காற்று. பாதிக்கும் மேல் காற்று. எனவே மைதாவைக் கப்பில் அளக்கிறவர் மாவோடு சேர்த்துக் காற்றையும் அளக்கிறார். சலித்தால் காற்று கூடும், மாவு குறையும். டப்பாவைத் தரையில் தட்டி வைத்தால் காற்று குறையும், மாவு கூடும். லாரியில் குலுங்கி வந்து கடை அலமாரியில் அடியில் கிடந்த பாக்கெட்டைப் பிரித்து நேராகக் கப்பை விட்டு மொண்டால் இன்னும் அதிகமாக ஏறும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு வெளியூர் உதாரணம் ஒன்று போதும். அமெரிக்காவில் பேக்கிங் செய்கிறவர்கள் பெரிதும் நம்பும் இரண்டு இடங்கள் கிங் ஆர்தர் மாவு நிறுவனமும், சமையல் குறிப்புகளைச் சோதித்துப் பார்த்து வெளியிடும் அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சனும். முதலாமவர்கள் ஒரு கப் மாவு 120 கிராம் என்கிறார்கள். இரண்டாமவர்கள் 5 அவுன்ஸ், அதாவது 142 கிராம் என்கிறார்கள். இரண்டு பேரும் எப்படி அளந்தோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள்: முன்னவர்கள் மாவைக் கிளறிவிட்டுக் கரண்டியால் கப்பில் தூவுகிறார்கள், பின்னவர்கள் கப்பால் மொண்டு வழிக்கிறார்கள். பிரச்சினை, அந்தக் குறிப்புகள் கை மாறி நம்மிடம் வரும்போது எண் மட்டும் வருகிறது, விதம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. மூன்று கப் மாவு போடும் ஒரு கேக்கில் இந்த வித்தியாசம் 66 கிராம். அரை கப்புக்கும் மேலான மாவு கூடுதலாக விழுந்த கேக் நடுவில் வெடித்து, ஆறியதும் வறண்டு, கத்தி வைத்தால் உதிரும். சாப்பிடுகிறவர்கள் "மாவு சரியில்லையோ" என்பார்கள். மாவில் ஒரு குறையும் இருக்காது.

தலைதட்டி அளப்பதை அமெரிக்கச் சமையலறைகளில் ஒரு கட்டாயமாக ஆக்கியவர் ஃபேனி ஃபார்மர். பாஸ்டன் சமையல் பள்ளியை நடத்திய அவர், 1896-ல் வெளியிட்ட தன் சமையல் நூலில் கப்பும் ஸ்பூனும் எப்போதும் தலைதட்டியே அளக்கப்பட வேண்டும் என்று எழுதினார். அதற்கு முன்னால் அங்கே 'முட்டை அளவு வெண்ணெய்', 'ஒரு குவளை மாவு' என்றெல்லாம்தான் பெரும்பாலான குறிப்புகள் இருந்தன. அந்த மாற்றத்துக்காக அவரைத் தலைதட்டிய அளவுகளின் தாய் என்றே பிற்பாடு அழைத்தார்கள். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. பாதிச் சிக்கலை அவர் தீர்த்துவிட்டார். மேல்பக்கம் சமமாகிவிட்டது. உள்ளே எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதுதான் இன்னும் பாக்கி.

கப் என்றால் எந்தக் கப் என்ற விவாதமும் அடிக்கடி வரும். அமெரிக்க வழக்கில் அது 236.6 மி.லி.; அங்கே உணவுப் பொட்டலங்களின் சத்துக் கணக்குக்கு மட்டும் 240 என்று வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் சமையல் கப் 200, அரிசிக் கப் 180. எலக்ட்ரிக் குக்கரோடு வரும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் கப் இந்த 180 மி.லி. வகைதான், அதைக் கேக்குக்குக் கொண்டுவர வேண்டாம். நம் கடைகளில் கிடைக்கும் கப் செட்டுகள் 240 அல்லது 250. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது 4 சதவீத வித்தியாசம். மாவை மொள்ளுவதற்கும் தூவுவதற்கும் நடுவே இருப்பதோ கிட்டத்தட்ட 18 சதவீதம். ஆகவே 240-ஆ 250-ஆ என்று கவலைப்படும் நேரத்தில் கையைக் கவனிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

"எல்லாத்தையும் ஒரே டம்ளர்ல அளந்தா சரியா வந்துராதா? இட்லிக்கு அப்படித்தான செய்யுதோம்?" என்று அத்தை கேட்டார். நல்ல கேள்வி. குறிப்பு முழுக்கக் கப் கணக்கில் எழுதப்பட்டிருந்தால், மாவு, சீனி, பால், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே டம்ளரில் அளந்தால், விகிதம் மாறாது. டம்ளர் சின்னதானால் கேக்கும் சின்னதாகும், அவ்வளவுதான். ஆனால் முட்டை டம்ளருக்கு ஏற்ற மாதிரி சிறுக்காது. நாலு முட்டை நாலு முட்டைதான். வெண்ணெயும் 100 கிராம் கட்டியாக, ஒரே எடையில் வருகிறது. 240 மி.லி. கப்புக்கு எழுதிய குறிப்பை 180 மி.லி. கப்பில் அளந்து நாலு முட்டை போட்டால் மாவுக்கு முட்டை அதிகமாகிவிடும். முட்டையில்லாக் கேக் செய்கிறவர்கள் மட்டும் இந்த வகையில் அதிர்ஷ்டசாலிகள்.

கிராமில் இருக்கும் குறிப்பென்றால் இந்தச் சலுகையும் இல்லை. 180 கிராம் மைதா என்பதை அத்தையின் டம்ளருக்கு மாற்ற அந்த டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்பது தெரிய வேண்டும். அதைவிட, அத்தையின் கையில் அந்த டம்ளர் எவ்வளவு மைதா பிடிக்கும் என்பது தெரிய வேண்டும். தராசு இல்லாமல் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தராசு வீட்டில் இல்லையே தவிர, நிறுத்த பொருள் வீடு நிறைய இருக்கிறது. மளிகைச் சாமான் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றும் தொழிற்சாலையில் எடை பார்த்து ஒட்டியவை. அரைக் கிலோ மைதா பாக்கெட் என்பது ஒரு அரைக் கிலோ எடைக்கல். அதை ஒரு பெரிய தட்டில் கொட்டி, நீங்கள் எப்போதும் அளக்கும் அதே விதத்தில், அதே டம்ளரால் அளந்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். எத்தனை டம்ளர் வந்தது என்று எண்ணி, 500-ஐ அந்த எண்ணால் வகுத்தால் உங்கள் கையின் கணக்கு வந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அந்த டம்ளரில் ஊற்றிப் பார்த்தால் டம்ளரின் கொள்ளளவும் தெரிந்துவிடும். இணையப் பட்டியல் சொல்லும் சராசரி கப் எங்கோ யாரோ நிரப்பியது. இது உங்கள் டம்ளர், உங்கள் மாவு, உங்கள் கை. என்னைக் கேட்டால் இதற்கு மிஞ்சிய பட்டியல் கிடையாது.

அத்தையிடம் போனில் சொன்னேன். பாட்டில் தண்ணீர் சரியாக ஐந்து டம்ளர் வந்தது. ஆக, டம்ளர் 200 மி.லி. மைதாவை டம்ளரால் மொண்டு மொண்டு அளந்தபோது நாலு டம்ளரும் ஐந்தாவதில் கொஞ்சமும் வந்தது. ஒரு டம்ளருக்கு 120 கிராம் என்று வைத்துக்கொண்டோம். "அதே மாவைக் கரண்டியால போட்டு இன்னொரு தடவ அளங்க அத்தை" என்றேன். இந்தத் தடவை ஐந்து டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு டம்ளர் 104, 105 கிராம். போனிலேயே அவர் குரல் மாறியது. "ஒரே பாக்கெட்டுதானட்டி!" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு நான் விளக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

சீனியும் ரவையும் மைதா அளவுக்குச் சிரமம் தராது. சீனி கல்லுக் கல்லாக இருப்பதால் அமுங்காது. ஒரு 240 மி.லி. கப்புக்கு ஏறத்தாழ 200 கிராம், யார் அளந்தாலும் அதன் பக்கத்திலேயே நிற்கும். பருமனான சீனியா சன்னமான சீனியா என்பதில் சிறு வேறுபாடு வரலாம், கேக்குக்கு அது பெரிதில்லை. ரவை ஒரு கப் 165, 170 கிராம். நாட்டுச் சர்க்கரை வேறு ரகம். ஈரப்பதம் உள்ளது, விட்டால் உப்பி நிற்கும், அழுத்தினால் இறங்கும். அதை எப்போதும் நன்றாக அழுத்தித்தான் அளக்க வேண்டும். கவிழ்த்தால் கப்பின் வடிவத்திலேயே விழ வேண்டும். அப்படி அழுத்திய கப் 210, 220 கிராம் வரும்.

சீனியில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, எப்போது அளந்தது என்பது. நம் ஊர்க் கேக் குறிப்புகளில் பெரும்பாலும் சீனியை மிக்ஸியில் பொடித்துத்தான் போடச் சொல்வார்கள். 200 கிராம் சீனி, கல்லாக இருக்கும்போது ஒரு கப். பொடித்த பிறகு அதே 200 கிராம் கிட்டத்தட்ட 1¾ கப். 'ஒரு கப் சீனியைப் பொடித்துக்கொள்ளவும்' என்பதற்கும் 'பொடித்த சீனி ஒரு கப்' என்பதற்கும் நடுவே 80 கிராமுக்கும் மேல் இனிப்பு காணாமல் போகிறது. இனிப்பு மட்டும் போனால் பரவாயில்லை. கேக்கின் மென்மைக்கும் ஈரத்துக்கும் மேல்தோலின் நிறத்துக்கும் சீனிதான் பொறுப்பு. சலித்த மைதா, பொடித்த முந்திரி, துருவிய கேரட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கிராமில் எழுதினால் முன்னா பின்னா என்ற கேள்வியே எழாது. கப்பில் எழுதினால் அதைச் சொல்லாமல் விடவே கூடாது.

கோகோ பவுடர் பஞ்சு மாதிரி லேசானது, ஒரு கப் 85 கிராம் பக்கம்தான். வனிலா கேக்கைச் சாக்லேட் கேக்காக மாற்ற நினைக்கிறவர்கள் கால் கப் மைதாவை எடுத்துவிட்டுக் கால் கப் கோகோ போடுவார்கள். எடுத்தது 30 கிராம், போட்டது 21 கிராம். இது பெரிய குற்றமில்லை, கேக் வரும். ஆனால் எடைக்கு எடை மாற்றினால் சாக்லேட் ருசி இன்னும் அழுத்தமாக இருக்கும்.

வெண்ணெயைக் கப்பில் அளக்கச் சொல்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. கெட்டியான வெண்ணெயைக் கப்புக்குள் திணிக்க வேண்டும், மூலையில் காற்று நிற்கும், பாதி கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே வெண்ணெய் 113 கிராம் குச்சியாக வருகிறது, அது சரியாக அரை கப், உறையிலேயே ஸ்பூன் ஸ்பூனாகக் கோடு போட்டிருக்கும். நமக்கும் வழி இருக்கிறது. கடையில் வாங்கும் 100 கிராம் கட்டியை நீளவாக்கில் ஐந்தாகக் கோடு கிழித்தால் ஒவ்வொரு துண்டும் 20 கிராம். 180 கிராம் வேண்டுமென்றால் ஒரு முழுக் கட்டியும் இன்னொன்றில் நாலு துண்டும். கத்தியே தராசு ஆகிவிடுகிறது. வீட்டில் கடைந்த வெண்ணெயென்றால் மட்டும் இது முடியாது. அதற்குப் பழைய முறை ஒன்று உண்டு: அளவுக்கோடு போட்ட ஜாடியில் பாதிவரை குளிர்ந்த தண்ணீர் எடுத்து, வெண்ணெயைப் போட்டு, அது மிதக்காமல் ஸ்பூனால் உள்ளே அழுத்திக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. 100 மி.லி. ஏறினால் 95 கிராம் வெண்ணெய் என்று கொள்ளலாம். வீட்டு வெண்ணெயில் மோர்த் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பது வேறு விஷயம். நன்றாகப் பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

திரவங்களில் தண்ணீருக்கு மட்டும்தான் ஒரு கிராம் ஒரு மில்லி லிட்டர் என்பது சரி. பால் கொஞ்சம் கனம், ஆனால் கவனிக்கத் தேவையில்லாத அளவு. எண்ணெய் லேசானது. இந்த மாற்றுக் கணக்கை நாம் தினமும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்: சமையல் எண்ணெய் பாக்கெட்டில் 1 லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று அச்சடித்திருக்கும். 100 கிராம் எண்ணெய் என்று குறிப்பில் இருந்தால் 110 மி.லி. ஊற்ற வேண்டும். தேன் இதற்கு நேர் எதிர், 100 கிராம் தேன் 70 மி.லி.தான். கன்டென்ஸ்டு மில்க்கும் அந்தப் பக்கம்தான். 400 கிராம் டின்னைக் கப்பில் ஊற்றிப் பார்த்தால் 300 மி.லி. சுற்றித்தான் வரும். டின் கணக்கில் வரும் எதையும் கப்புக்கு மாற்ற வேண்டாம். அரை டின், முழு டின் என்றே எழுதுங்கள்.

ஸ்பூன் விஷயத்தில் நான் தராசின் பக்கம் இல்லை. பேக்கிங் பவுடர் 4 கிராம், சமையல் சோடா 2 கிராம், ஈஸ்ட் 3 கிராம் என்று எழுதும் வெளிநாட்டுக் குறிப்புகளை வீட்டுத் தராசில் அளக்க முயலாதீர்கள். ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டும் தராசு, சிட்டிகை சிட்டிகையாகப் போடும்போது அசையாமல் நிற்கும், பிறகு திடீரென்று தாவும். 2 கிராம் சோடாவில் ஒரு கிராம் பிசகினால் கேக்கில் சோப்பு வாடை வரும். இந்த இடத்தில் 5 மி.லி. அளவு டீஸ்பூன் தராசைவிட நம்பகமானது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் 4 முதல் 5 கிராம், சோடா 5 முதல் 6, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3, தூள் உப்பு 6. கல்லுப்பைப் பொடிக்காமல் ஸ்பூனில் அளக்காதீர்கள். அளவு டீஸ்பூன் என்றுதான் சொல்கிறேன். சாப்பாட்டு மேசை ஸ்பூன்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஆழம். ஆஸ்திரேலியக் குறிப்பென்றால் அவர்களுடைய டேபிள்ஸ்பூன் 20 மி.லி. என்பதையும் நினைவில் வையுங்கள். மற்ற இடங்களில் 15.

சரி, அத்தையின் கேக்குக்கு வருவோம். நான் அவருக்குத் தேர்ந்தெடுத்தது முட்டை, வெண்ணெய், சீனி, மைதா நாலும் சம எடையில் போடும் பழைய கேக். இங்கிலாந்தில் ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு போட்டதால் அங்கே அது பவுண்டு கேக். கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல கேக் இல்லை, ஏனென்றால் எடையில் சமமாக இருக்கும் நாலும் டம்ளரில் நாலு விதமாக நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். இந்தக் கேக்குக்கு உண்மையில் எண்ணே தேவையில்லை. இரண்டு தட்டுத் தராசு இருந்தால் ஒரு தட்டில் முட்டைகளை வைத்து, மறு தட்டில் சீனியைச் சமமாகும்வரை கொட்டி, பிறகு வெண்ணெய், பிறகு மாவு என்று முட்டையையே எடைக்கல்லாக வைத்து முடித்துவிடலாம். இங்கிலாந்துக்காரர்கள் விக்டோரியா ஸ்பாஞ்ச் என்ற கேக்கை இன்றும் முட்டையை நிறுத்துத்தான் தொடங்குவார்கள்.

நம் கடை முட்டை ஒன்று ஓட்டோடு 50 கிராம் என்று வைத்தால், ஓடு பத்தில் ஒரு பங்கு போக உள்ளே 45. நாலு முட்டை 180 கிராம். ஆகவே மற்ற மூன்றும் 180. வெண்ணெய், முன்பு சொன்னபடி ஒரு கட்டியும் நாலு துண்டும். சீனிக்கு அத்தையின் டம்ளர் 172 கிராம் பிடித்தது, ஒரு கிலோ பாக்கெட்டை அளந்து பார்த்த கணக்கு. ஒரு டம்ளரும் அதன்மேல் இரண்டு டீஸ்பூனும் போட்டால் 180. மைதாவுக்குத்தான் நான் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். மொண்டு அளந்தால் ஒன்றரை டம்ளர். கரண்டியால் போட்டு அளந்தால் ஒன்றே முக்கால் டம்ளர். இரண்டும் 180 கிராம்தான், எது கைக்கு வசதியோ அதைச் செய்யுங்கள், ஆனால் ஒன்றின் கையையும் இன்னொன்றின் எண்ணையும் சேர்த்துவிடாதீர்கள் என்றேன். பேக்கிங் பவுடர் தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன், பால் இரண்டு டேபிள்ஸ்பூன். வெண்ணெயில் உப்பு இருப்பதால் தனி உப்பு வேண்டாம்.

"மொண்டே அளக்கேன். அதான் எனக்குப் பழக்கம்" என்றார். அது போதும். கரண்டியால் தூவுவதுதான் சரியான முறை, மொள்ளுவது தவறு என்று சொல்லும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அளக்கும் கை எதுவோ அதுவே சரியான கை. அத்தையின் கை நாற்பது ஐம்பது வருஷமாக அரிசி அளந்த கை, மாறவே மாறாது. மாற வேண்டியது என் எண்தான், மாற்றிக்கொண்டேன்.

ரொட்டி கேட்டால் டம்ளர் கணக்கு தருவேன், ஒரு எச்சரிக்கையோடு. 500 கிராம் மாவுக்கு 325 கிராம் தண்ணீர் என்பது 65 சதவீத ஈரம், பிசைய இதமான மாவு. டம்ளரில் மாவு பத்து சதவீதம் கூடி 550 கிராம் விழுந்தால் அது 59 சதவீதமாக இறங்கி மாவு விறைத்துவிடும். ஆனால் சப்பாத்தி மாவு பிசைந்த கைக்கு அந்த விறைப்பு உடனே தெரியும், கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சரிசெய்துவிடலாம். கேக் மாவில் அப்படி நடுவில் திருத்த வழியில்லை என்பதால்தான் அங்கே இவ்வளவு மல்லுக்கட்டு.

தூத்துக்குடி மக்ரூன் மட்டும் யார் கேட்டாலும் டம்ளரில் சொல்ல மாட்டேன். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, மூன்றே பொருள். வெள்ளைக்கரு முட்டைக்கு முட்டை மாறும், முந்திரி பொடித்த பருமனுக்கு ஏற்ப உப்பும், சீனி பொடித்தால் இரட்டிப்பாகத் தெரியும். மூன்றுமே டம்ளருக்கு அடங்காதவை, ஒன்றின் பிசகை இன்னொன்று தாங்காது. அதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பக்கத்து மளிகைக் கடைக்குப் போய், வெள்ளைக்கருவை மூடி போட்ட டப்பாவில் கொண்டுபோயாவது நிறுத்து வாங்கி வாருங்கள். காலி டப்பாவின் எடையை முதலில் பார்த்துக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.